நாப்பது வூட்லயும் இன்சுலின் செடி

வெக்கத்த வுட்டு மொதல்லயே சொல்லிட்றேன். காட்டுச் செடிங்களப் பத்தி இருளர் ஜனங்களுக்கு இன்னா தெரியும்னு கேட்டு எழுதிகினு வரச் சொல்லி என்ன நாப்பது வூட்டுக்கு அனுப்பிச்சாங்க. பதினோரு நாளு அலஞ்சி, ரெண்டு பேனா தீந்துபோயி, நாப்பது ஃபாரமும் ரொப்பிக் குடுத்தேன். அத்தினிலயும் இருந்தது எங்க வூட்டு மொட்டமாடி தான். மேல ஏறுனதும் இடதுகைப் பக்கம் கீற துளசில ஆரம்பிச்சி, தண்ணி டேங்கு ஓரமா கீற இன்சுலின் செடி வரைக்கும், தொட்டி வரிசை கூட மாறல.

நான் செடிகொடி படிச்சவன் இல்ல. டிரைவரு. சிறுசேரி கம்பெனிக்கு ஆளுங்கள ஏத்திகினு போயி எறக்கி வுட்ற வேல பல வருஷம் பாத்தேன். அவங்க வூட்லயே குந்திகினு வேல பாக்க ஆரம்பிச்சதும் என் வண்டியும் வூட்லயே குந்திக்கிச்சி. அப்பறம் மாமல்லபுரத்துல ஒரு லாட்ஜு வாசல்ல வண்டியப் போட்டேன். அங்க தான் என்ன அனுப்பிச்ச மேடம் வந்து தங்கி, என் வண்டிய எடுத்தாங்க. கோயமுத்தூர் பக்கம். முப்பது வயசு இருக்கும். ஜனங்களுக்குத் தெரிஞ்ச செடிங்களப் பத்தி ஆராய்ச்சி.

அது வெறும் படிப்புக்கான ஆராய்ச்சின்னா நான் பண்ண கூத்து சிரிச்சிட்டுப் போற விஷயம். அப்டி இல்ல. செங்கல்பட்டுலேர்ந்து மாமல்லபுரம் வர்ற வழியில ஒரு குன்னு அடிவாரத்துல முள்ளுக்காடு கீது. அதுக்கு வேலி போட்டு கேட் வெக்கறதா முடிவாயிடிச்சி. காட்ட ஒட்டி கீற இருளர் குடியிருப்புப் பொம்பளைங்க அங்க போயி வேரு, இலை, கொடி, பழம்னு எடுத்தாந்து, கொஞ்சம் வூட்டுக்கு வெச்சிகினு மிச்சத்த செங்கல்பட்டு நாட்டு மருந்துக் கடையில குடுத்துட்டு வருவாங்க. பாதி நாளு அடுப்பு எரியறது அதுல தான். ஃபாரஸ்ட் ஆபீசுல இன்னா சொன்னாங்கன்னா, எந்தெந்தச் செடிக்காக உள்ள போறாங்கன்னு ஒழுங்கா ஒரு பட்டியலு குடுங்க, அதெல்லாம் எடுக்க உள்ள வுட்றதுக்கு ஆளுக்கொரு அட்டை போட்டுத் தரோம்னாங்க. பட்டியலு தயார் பண்ற பொறுப்பு மேடமுது. அதுல வுட்டுப்போன செடிக்கு கேட் தொறக்காது.

மேடம் வேலைய ஆரம்பிக்கறதுக்குள்ள லாட்ஜு படிக்கட்டுல வழுக்கி காலு முறிஞ்சிபோச்சி. மாவுக்கட்டு போட்டு கட்டில்ல கெடந்தவங்க என்னக் கூப்ட்டு, “அண்ணா, நீங்களே போயி கேட்டுட்டு வந்துருங்களேன். நான் வெளியூர்க்காரி. நீங்கன்னா இந்த ஊரு. உங்ககிட்ட மனசு விட்டுப் பேசுவாங்க”ன்னாங்க.

எனக்கு அந்த ஒரு வார்த்த போதாதா? மறுநாளே இஸ்திரி போட்ட சட்ட, ஷூ, கையில பரீட்சை அட்டை, கழுத்துல போட்டோ வெச்ச அடையாள அட்டை. என் பொண்டாட்டி மேலயும் கீழயும் பாத்துட்டு, “கரண்டு கட் பண்ண வந்தவன் மாதிரி கீற”ன்னா. நான் அதப் பாராட்டா எடுத்துகினேன்.

குடியிருப்புல எனக்கு பிளாஸ்டிக் சேர் போட்டாங்க. நான் ஒக்காந்தேன். அவங்க நின்னாங்க.

“உங்களுக்கு இன்னா இன்னா மூலிகைம்மா தெரியும்?”

“எங்களுக்கு இன்னாங்கய்யா தெரியும். ஒண்ணும் தெரியாது.”

ஃபாரத்துல பத்து கோடு காலியா கீது. காலியா ஒரு எடத்தப் பாத்தா எனக்குப் பொறுக்காது, எதனா பேசி ரொப்பிடுவேன். எடுத்துக் குடுத்தேன்.

“சளி புடிச்சா துளசி போடுவீங்கல்ல?”

“ஆமாங்கய்யா.”

“கற்பூரவல்லி?”

“அதுவும் தாங்கய்யா.”

“சுகருக்கு இன்சுலின் செடி?”

அந்தம்மா என் மூஞ்சியக் கொஞ்ச நேரம் பாத்துச்சி. “அதையும் போட்டுக்கோங்கய்யா”ன்னுச்சி.

போட்டுக்கோங்கய்யா. அங்கயே எனக்கு ஒறச்சிருக்கணும். அது பதிலு இல்ல, என் ஆசைக்குக் குடுத்த பர்மிஷன். நான் ஒவ்வொரு வூட்லயும் ஒரு ஜோக்கு சொன்னேன், எல்லாரும் சிரிச்சாங்க, நம்ம ராசி அப்டின்னு நெனச்சிகினேன். ஒரே ஒரு பொம்பள மட்டும் சிரிக்கல. நாப்பது வயசு இருக்கும். மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசார்ட்ல ரூம் கிளீன் பண்ற வேல. யூனிஃபார்ம் பொடவையோட பஸ்ஸுக்குக் கெளம்பி நின்னுகினு, “உனுக்கு இன்னா தோணுதோ எழுதிக்கோ அண்ணாத்த, எனக்கு டைம் ஆச்சி”ன்னுச்சி. நல்ல ஒத்துழைப்புன்னு நெனச்சி அந்த ஃபாரத்தையும் ரொப்பிகினேன்.

ஃபாரம் குடுத்த மறுநாளு மேடம் போன் பண்ணாங்க. நான் ஸ்பீக்கர்ல போட்டேன். பக்கத்துல பொண்டாட்டி அவரைக்கா நறுக்கிகினு இருந்தா.

“ஏனுங்ணா, நாப்பது வீட்லயும் இன்சுலின் செடி சொல்லியிருக்காங்களே. அது நர்சரியில விக்கிற தொட்டிச் செடிங்க. அங்க எங்க வளருது?”

எங்கயும் வளரல. நான் அங்க ஒரு தொட்டி கூடப் பாக்கல. யோசிச்சிகினு இருக்கறப்பவே பொண்டாட்டி எங்கிட்ட கெடந்த ஒரு நகல எடுத்து சத்தமா படிச்சா. “துளசி, கற்பூரவல்லி, தூதுவளை, வெத்தல, சோத்துக்கத்தாழ… இன்னாய்யா இது, நான் காலைல தண்ணி ஊத்திகினு போற மாதிரியே கீது?”

அப்பறம் மேடம் மெதுவா சொன்னாங்க: “இதை நான் குடுத்தா, அந்த அம்மாக்களுக்கு காட்டுல வேலையே இல்லைன்னு ஆயிருமுங்ணா.”

வாழ்க்கையில எத்தினியோ பேர சிரிக்க வெச்சிகீறேன். ஒரு ஊர் அடுப்ப அணைக்கற அளவுக்கு எனக்குத் தெறம கீதுன்னு அன்னிக்குத் தான் தெரிஞ்சிது.

சாயந்திரம் லாட்ஜுக்குப் போயி கைகட்டி நின்னேன். மேடம் திட்டல. “தப்பு எம் மேலயும் தானுங்ணா. நான் நேர்ல போயிருந்தா வேற தப்பு வந்திருக்கும். இதுக்கு முன்னால ஒரு மலை ஊருக்குப் போனேன், அத்தனை பேரும் பிரசவ மருந்தாவே சொன்னாங்க. அதே ஊருக்கு எங்க கைடு சார் போனாரு, அவருக்கு பாம்புக்கடி மருந்தாவே சொல்லி அனுப்பிச்சாங்க. கேக்கற ஆளுக்கு அளவெடுத்துத் தான் பதில் தைக்கறாங்க.”

“அப்ப நான் எப்டி மேடம் கேக்கறது?”

“ஃபாரம் வேண்டாம், பேனா வேண்டாம், அட்டை வேண்டாம். கேள்வியே கேக்காதீங்க.”

“கேக்காம எப்டி தெரிஞ்சிக்கறது?”

“அதாங்ணா எனக்கும் தெரியல.”

ஆபீசுக்குப் பட்டியலு போறதுக்கு ஒரு மாசம் பாக்கி இருந்துது. மறுநாளு விடிஞ்சும் விடியாம லுங்கி, பழைய சட்டையோட அந்த ரிசார்ட்டுப் பொம்பள வூட்டுக்குப் போனேன். சிரிக்காத ஆளு தான் உண்மைய சொல்லும்னு ஒரு கணக்கு. அது கொழாயடியில கொடம் வெச்சிகினு நின்னுச்சி. நான் சுத்தி வளைக்கல. “தங்கச்சி, அன்னிக்கு நான் எழுதுனதெல்லாம் எங்க வூட்டு மாடி. தொட்டி வரிசையில எழுதிக் குடுத்துட்டேன்”னேன்.

கொடம் ரொம்பி வழிஞ்சிது. அது கவனிக்கல. சிரிப்பு. கொழாயப் புடிச்சிகினு சிரிப்பு. “ஏ, இங்க வாங்கடி! நம்ம எல்லாரும் இவுரு வூட்டு மாடில கீறோமாம்!” அஞ்சாறு பேரு வந்து நின்னு சிரிச்சாங்க. நான் சொன்ன ஜோக்குங்களுக்கு அவங்க சிரிச்சது எத்தினி சின்ன சிரிப்புன்னு அப்ப தான் தெரிஞ்சிது.

சிரிச்சி முடிச்சிட்டு அது கண்ண தொடச்சிகினு சொல்லுச்சி: “காட்டுல இன்னா எடுக்கறன்னு கழுத்துல அட்ட மாட்டினவன் வந்து கேட்டா எவ சொல்லுவா? எத சொல்றமோ அதுக்கே நாளைக்கி கேசு வரும். நீ துளசின்ன. துளசிக்கி எவனும் கேசு போட மாட்டான். ஆமான்னோம்.”

“நான் ஆபீசு ஆளு இல்லம்மா. இந்தப் பக்கத்து ஊரு தான்.”

“அது அதவிட மோசம். உங்க நைனா வயலுல தான் எங்கப்பன் எலி புடிச்சாரு. உங்க வூட்டு ஆளு ஒண்ணு சொன்னா எங்க வூட்டு ஆளு இல்லன்னு எப்ப சொல்லிக்கீது?”

உள்ளூர்க்காரன்னு நான் நெஞ்ச நிமித்திகினு போனேனே, அந்த உள்ளூரு தான் அவங்க வாய்க்குப் பூட்டு. வேலி, கேட், அட்டை, பட்டியலு எல்லாத்தையும் மொதல் நாளே சொல்லிருக்க வேண்டியத, அன்னிக்கு நின்னு சொன்னேன்.

“சரி, இப்ப சொல்றியா?”ன்னேன். பழக்க தோஷம்.

“இங்க குந்திகினு எப்டி சொல்றது? எதிர்ல இல்லாத செடிய நாங்க பேர் சொல்ல மாட்டோம். அது ஆளு இல்லாதப்ப அவனப் பத்தி பொறணி பேசற மாதிரி. பாக்கணும்னா வா. ஒம்போது மணிக்கு நான் டூட்டிக்குப் போவணும்.” காலி கோணி ஒண்ணத் தூக்கி என் மேல போட்டுச்சி. “வாய் தொறக்கக் கூடாது.”

இப்போ சொல்லப்போறத நான் ஒழுங்கா சொல்லுவனான்னு தெரியல. அந்தக் காட்ட ஒட்டி கீற ரோட்ல எத்தினியோ வருஷமா வண்டி ஓட்டிக்கீறேன். என்னப் பொறுத்த வரைக்கும் அது சவாரிக்காரங்க அவசரத்துக்கு ஒதுங்கற எடம். முள்ளு, பாற, பச்ச. அவ்ளோ தான்.

அந்தப் பொம்பள உள்ள போனதும் எதையும் தேடல. கடத்தெருவுல தெரிஞ்சவங்களப் பாத்துகினு போற மாதிரி போச்சி. ஒரு காரைப் பொதர் கிட்ட நின்னு, முள்ளு படாம கைய உள்ள வுட்டு, நூல் மாதிரி ஒரு கொடிய இழுத்துச்சி. “இது சிறுகுறிஞ்சான். இந்தா, இந்த எலய மெல்லு.” மென்னேன், கசப்பு. “வாய் ஓயாத ஆளுக்கு நல்லது.” துப்பக்கூடப் பயந்து முழுங்கினேன்.

பத்தடி தள்ளி குந்துச்சி. நான் குனிஞ்சி எட்டிப் பாத்தேன். “நகரு. உன் நெழலு வுழுது.” மருந்து எடுக்கறப்ப செடி மேல ஆளு நெழலு வுழக்கூடாதாம். என் ஒடம்புக்கு நெழலும் பெருசு. உள்ள இருந்த வரைக்கும் வெயிலு எந்தப் பக்கம்னு பாத்துப் பாத்து நண்டு மாதிரி அதச் சுத்தி நகந்துகினே இருந்தேன். அது ஒரு சின்னக் கம்பியால ஒரு பக்கம் மட்டும் மண்ணக் கிளறி, பாதி வேர அறுத்துகினு, மிச்சத்துக்கு மண்ணப் போட்டு தட்டி மூடுச்சி. கைய என் மூக்கு கிட்ட நீட்டுச்சி. நன்னாரி. மண்ணுக்குள்ள யாரோ சர்பத்துக் கட வெச்சிகினு இருந்த மாதிரி ஒரு வாசன. சின்ன வயசுலேர்ந்து எத்தினி கிளாஸ் குடிச்சிருப்பேன், மொதலாளிய அன்னிக்குத் தான் பாக்கறேன்.

அப்பறம் ஒரு பாறைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ரெண்டு நொச்சி. என் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு. “ரெண்டும் வேற. கெழக்கால கீறது கடல் காத்த வாங்குது. மோந்து பாரு.” ரெண்டு இலையையும் கசக்கி மாத்தி மாத்தி மோந்தேன். சத்தியமா சொல்றேன், வேற வேற தான். அம்பது வயசுக்கு மேல ஒரு மூக்கு வேல செய்ய ஆரம்பிச்சா எப்டி இருக்கும்?

நான் பேசாததால அது பேசுச்சி. ஒவ்வொரு செடி எதிர்லயும் நின்னு, அதோட பேரு, அது யாருக்கு எப்போ ஒதவுச்சி, எந்த மாசம் தொடலாம், எந்த மாசம் தொடக்கூடாது. விராலி இலைய ஒரு கட்டு ஒடச்சி, “ஒடஞ்ச காலுக்கு வெச்சிக் கட்டறது. உங்க மேடத்துக்குக் குடு, மாவுக்கட்டப் பிரிச்சப்பறம்”னு கோணியில போட்டுச்சி. மேடம் காலு முறிஞ்ச சேதி நான் சொல்லல. லாட்ஜுல வேல பாக்கறவங்க சொல்லிக்கீறாங்க. நாங்க அவங்கள ஆராய்ச்சி பண்ணிகினு இருந்தப்ப, அவங்க எங்கள முழுசா படிச்சி முடிச்சிருந்தாங்க.

என்ன அப்டியே நிக்க வெச்சது ஒரு குட்டிச் செடி. முழங்கால் ஒசரம் கூட இல்ல. “இது எங்களுக்கே போன வருஷம் தான் தெரியும். ரிசார்ட்ல பாத்ரூம் கழுவற மருந்து பட்டு எல்லாருக்கும் கை வெடிச்சிபோச்சி. அஞ்சாறு இலைய ஆளுக்கொண்ணா தேச்சிப் பாத்தோம். ஒருத்திக்கு எரிஞ்சிது, ஒருத்திக்கு அரிச்சிது. இத தேச்சவளுக்கு ஆறுச்சி.” கைய விரிச்சிக் காட்டுச்சி. நல்லா இருந்துது. நான் இதெல்லாம் பழங்காலத்து சமாச்சாரம், யாரோ சொல்லி வெச்சிட்டுப் போனதுன்னு நெனச்சிகினு இருந்தேன். எங்க மேடம் கம்ப்யூட்டர்ல ஆராய்ச்சி பண்றாங்களே, அதே மாதிரி இவங்க டூட்டி முடிஞ்சி வந்து கையில ஆராய்ச்சி பண்ணிகினு கீறாங்க. ஃபாரம் தான் இல்ல.

“இத மட்டும் எழுதாத. இது எங்களுது”ன்னுச்சி. அதனால இங்கயும் எழுதல.

காட்டவுட்டு வெளிய வந்ததும் ரோட்டோரக் கடையில டீ சொன்னேன். ஒரு வாய் குடிச்சிட்டு மாஸ்டரக் கூப்ட்டேன். “அண்ணாத்த, சக்கர போடல.”

“போட்டேன்பா.”

“எங்க போட்ட? சுடுதண்ணி மாதிரி கீது.”

அவரு மொணகிகினே இன்னொரு ஸ்பூன் போட்டாரு. குடிச்சேன். ஒண்ணும் இல்ல. சக்கரைய அள்ளி வாயில போட்டேன். மணலு. கடக்கரை மணலு வாயில போன மாதிரி நறநறங்குது, தித்திப்பே இல்ல. எனக்கு ஏதோ வியாதி வந்துடுச்சின்னு பயந்து திரும்பிப் பாத்தா, அது டீ கிளாஸ வெச்சிட்டு குலுங்கிக் குலுங்கி சிரிக்குது. “குறிஞ்சான் மென்னல்ல. கொஞ்ச நேரத்துக்கு நாக்குக்கு இனிப்பு தெரியாது. மாஸ்டர ஏன் பேஜார் பண்ற?” ஒரு எல. ஒரே ஒரு எல, என் நாக்கையே கையக்கட்டி ஒக்கார வெச்சிடிச்சி.

டைம் ஆயிடிச்சின்னு நானே அத ரிசார்ட்ல வுட்றதா சொல்லி வண்டியில ஏத்துனேன். அங்க தான் கூத்து. ஜன்னல் வழியா பாத்துகினே வந்துச்சி. செடி எதிர்ல கீதே, அதனால பேர் சொல்லலாம். “ஆதொண்ட. குப்பைமேனி. அந்த மதில் மேல பெரண்ட. எருக்கு. நாயுருவி. அந்தப் பக்கம் வேண்டாம், சாக்கட தண்ணி பாயுது, அது மருந்துக்கு ஆவாது.” எனக்கு வேகமா ஓட்ட மனசு வரல. ஆட்டோ ஓவர்டேக் பண்ணிச்சி. சைக்கிள் ஓவர்டேக் பண்ணிச்சி. பின்னாடி பஸ்ஸு ஆரன் அடிச்சி அடிச்சி, கடைசியில பக்கத்துல வந்து கண்டக்டர் தலைய நீட்டி, “யோவ், பொண்ணு பாக்கப் போறியா? ஓட்டுய்யா!”ன்னாரு. இந்த ரோட்ல எங்கெங்க ஸ்பீடு பிரேக்கர் கீதுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். அதுக்கு ரெண்டு பக்கமும் ஒரு ஆஸ்பத்திரியே நின்னுகினு இருக்கறது எனக்குத் தெரியாது.

மாமல்லபுரம் வந்து சேந்தப்ப கல்லு செதுக்கற பட்டறைங்கள்ல உளிச் சத்தம் ஆரம்பிச்சிருந்துது. அது எறங்கி, பொடவையில ஒட்டியிருந்த முள்ள தட்டிட்டு, அடையாள அட்டைய கழுத்துல மாட்டிகினு கேட்டுக்குள்ள போச்சி. இனிமே சாயந்திரம் வரைக்கும் அது ரூம் கிளீன் பண்ற பொம்பள. உள்ள தங்கற யாருக்கும் தெரியாது. நேத்து வரைக்கும் எனக்கும் தெரியாது.

அப்பறம் மூணு வாரம் தெனமும் காலைல ஒவ்வொரு பொம்பள கூட கோணி தூக்கிகினு போனேன். ரெண்டாவது வாரம் மேடமும் ஊனுகோலோட வந்து காட்டோரமா வண்டியில குந்திகினாங்க. எத எழுதலாம், எத எழுதக்கூடாதுன்னு குடியிருப்புப் பொம்பளைங்களே கூடிப் பேசி சொன்னாங்க. மேடம் அதத் தான் எழுதுனாங்க. பட்டியலு பல பக்கம் போச்சி. ஒண்ணே ஒண்ணு தான் எனக்கு வருத்தம். என்னோட மொதல் பட்டியலையும் அறிக்கையில கடைசியா சேத்து, இது கேட்டவரோட வீட்டு மாடின்னு எழுதி வெச்சிட்டாங்க. எடுத்துடுங்க மேடம்னு கெஞ்சினேன். “இதுவும் ஆராய்ச்சி முடிவு தானுங்ணா”ன்னு சொல்லிட்டாங்க.

வேலி போட்டாச்சி. கேட்டும் வெச்சாச்சி. அட்டைங்க வந்தன்னிக்கு ஆபீசுலேர்ந்து வாங்கினு போயி குடியிருப்புல குடுத்தது நான் தான். இந்த வாட்டியும் சேர் போட்டாங்க, நான் ஒக்காரல. அந்த ரிசார்ட்டுப் பொம்பள தன் அட்டைய வாங்கி, அதுல கீற செடிப் பேருங்கள ஒவ்வொண்ணா வெரல் வெச்சிப் படிச்சிச்சி. ஏதோ ரெண்டு நல்ல வார்த்த வரும்னு நான் பல்ல இளிச்சிகினு நின்னேன்.

அட்டைய ஜாக்கெட்டுக்குள்ள சொருவிகினு அது சொல்லுச்சி: “நீ மொதல்ல எழுதுனத அப்டியே குடுத்திருந்தா, உங்க வூட்டு மாடிப்படி ஏறத் தான் எங்களுக்கு அட்ட குடுத்திருப்பான்.”